கொழுப்புக் கட்டிதானா? நாயின் தோலுக்கடியில் தட்டுப்படும் கட்டியை என்ன செய்வது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கிளினிக் வைத்திருக்கிறேன். கட்டியோடு வரும் நாயை மேசை மேல் ஏற்றுவதற்கு முன்பே கேள்வி வந்துவிடும்: "கொழுப்புக் கட்டிதானே டாக்டரம்மா? தொட்டுப் பார்த்துச் சொல்லிடுங்க." தொட்டுப் பார்ப்பேன். ஆனால் தொட்டதை மட்டும் வைத்துக்கொண்டு "கொழுப்புதான், பயப்படாதீங்க" என்று சொல்ல மாட்டேன். ஊசியால் கட்டிக்குள் இருப்பதைக் கொஞ்சம் எடுத்து, ஸ்லைடில் பார்த்த பிறகுதான் சொல்வேன். புதுச்சேரி குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்த பாடம் இது. விரலுக்குக் கொழுப்பு மாதிரியே படும் கட்டிகளில் உயிரை வாங்குகிற கட்டியும் உண்டு.

முதலில் லிப்போமா என்றால் என்னவென்று பார்த்துவிடலாம். கொழுப்புச் செல்கள் ஓரிடத்தில் பெருகி, மெல்லிய உறைக்குள் திரண்டு நிற்பதுதான் லிப்போமா. புற்றுநோய் கிடையாது, நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ பரவாது. பெரும்பாலும் நடுவயதைத் தாண்டிய நாய்களுக்கு வரும். லாப்ரடார், டாபர்மேன், காக்கர் ஸ்பேனியல் ஆகிய இனங்களில் அதிகம். எடை கூடிய, கருத்தடை செய்த பெண் நாய்களிடம் இன்னும் அதிகமாகப் பார்க்கலாம். நாட்டு நாய்க்கும் வரும். விலாப்பக்கம், வயிறு, அக்குள், தொடை ஆகியவைதான் வழக்கமான இடங்கள். தொட்டால் வலிக்காது, விரலுக்குப் பிடிகொடுக்காமல் நழுவும், மேல்தோல் சாதாரணமாகவே இருக்கும். ஒரே நாய்க்கு நாலைந்து இருப்பதும் சகஜம். அப்படி இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். நான்கு கட்டி கொழுப்பு என்பதால் ஐந்தாவதும் கொழுப்பாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது.

வீட்டில் பார்க்கும் முறை

மாதம் ஒரு தடவை, நாய் சாப்பிட்டு நிதானமாக இருக்கும் நேரத்தில், நிற்க வைத்துத் தடவிப் பாருங்கள். தாடைக்கு அடியில் ஆரம்பித்துக் கழுத்து, தோள், அக்குள், மார்பு, வயிறு, தொடையிடுக்கு, தொடை, வால் அடி என்று வரிசையாகப் போக வேண்டும். இரண்டு கைகளும் உடம்பின் இரண்டு பக்கமும் ஒன்றாக நகரட்டும். ஒரு பக்கம் இருப்பது மறுபக்கம் இல்லையென்றால் உடனே தெரிந்துவிடும். அக்குளுக்குள் விரலை நன்றாக விட்டுப் பாருங்கள். நம் ஊர் நாய்களுக்கு உண்ணியும் அங்கேதான் ஒளிந்திருக்கும், கட்டியும் அங்கேதான் கண்ணில் படாமல் வளரும். பெண் நாயாக இருந்தால் ஒவ்வொரு முலைக்காம்பையும் சுற்றித் தடவுங்கள். அங்கே பயறு அளவு தட்டுப்பட்டால்கூட ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். முலைக் கட்டிகளில் கெட்டவை நிறைய.

கட்டி கிடைத்தால் பதற வேண்டாம், பிதுக்கவும் வேண்டாம். ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, இடம், அளவு ஆகிய மூன்றும் போதும். இடத்தை "முதுகுப்பக்கம்" என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது. "வலது பக்கம், கடைசி விலா எலும்புக்கு இரண்டு விரல் முன்னால்" என்று எழுதுங்கள். தையல் டேப்பால் அளந்தால் கட்டியின் வளைவு மேல் டேப் ஏறி இறங்கி அளவு கூடுதலாகக் காட்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் காலிபர் ஒன்று வாங்கிக்கொண்டால் நீளமும் அகலமும் சரியாகக் கிடைக்கும். அது இல்லையென்றால் கட்டிக்குப் பக்கத்தில் பத்து ரூபாய் நாணயத்தை வைத்து போட்டோ எடுங்கள். அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர். படத்தைப் பார்த்தே நான் கட்டியின் அளவைக் கணக்குப் போட்டுவிடுவேன்.

எப்போது டாக்டரிடம் போவது? கட்டி 1 செ.மீ. அளவு இருந்தாலோ, ஒரு மாதமாக மறையாமல் இருந்தாலோ, வளர்ந்துகொண்டே போனாலோ ஊசிப் பரிசோதனை செய்துவிட வேண்டும். இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும். கட்டி கெட்டியாக, அடியில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தாலும், மேல்தோல் சிவந்தோ புண்ணாகியோ இருந்தாலும், ஒரு மாதத்துக்குள் இரண்டு மடங்கானாலும் அந்த வாரமே கூட்டிப் போங்கள்.

தாடைக்கடியில், தோளுக்கு முன்னால், பின்னங்கால் முட்டிக்குப் பின்னால் என்ற இந்த மூன்று இடங்களிலும் இரண்டு பக்கமும் சமமாக உருண்டை தட்டுப்பட்டால் அது கொழுப்புக் கட்டி இல்லை. நெறி கட்டியிருக்கிறது. உண்ணிக் காய்ச்சலாலும் கட்டலாம், லிம்ஃபோமா என்ற புற்றுநோயாலும் கட்டலாம். தொடையிடுக்கில் அழுத்தினால் உள்ளே போய் மறுபடி வெளியே வரும் வீக்கம் குடலிறக்கமாக இருக்கலாம். அதை அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்காமல் நேராக வந்துவிடுங்கள். குட்டி நாய்க்கு முகத்திலோ காதிலோ சிவந்த பொத்தான் மாதிரி திடீரென்று முளைத்தால் பெரும்பாலும் ஹிஸ்டியோசைட்டோமா என்ற தீங்கில்லாத கட்டிதான், இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே அமுங்கிவிடும். தடுப்பூசி போட்ட இடத்தில் சின்ன உருண்டை நிற்பதும் உண்டு, அதுவும் சில வாரத்தில் கரைந்துவிடும். கரையவில்லையென்றால் அதற்கும் ஊசிப் பரிசோதனைதான்.

ஊசிப் பரிசோதனை

பலர் இதைக் கேட்டதும் ஆபரேஷன் என்று நினைத்துப் பின்வாங்குகிறார்கள். மயக்க ஊசியே தேவையில்லை. தடுப்பூசி போடும்போது நாய்க்கு எவ்வளவு வலிக்குமோ அவ்வளவுதான் வலிக்கும். நாயின் தலையை வீட்டுக்காரர் அணைத்துப் பிடித்துக்கொண்டால் வேலை சீக்கிரம் முடியும். கட்டியை இரண்டு விரலுக்கு நடுவில் நகராமல் பிடித்து, 22 அல்லது 23 கேஜ் ஊசியை நடுவில் இறக்கி, திசை மாற்றி மாற்றி நாலைந்து தடவை குத்தி எடுப்பேன். கட்டியை விட்டு ஊசி விலகிவிட்டால் தோலுக்கடியில் இயல்பாக இருக்கும் கொழுப்புதான் வரும். அதுவும் லிப்போமாவும் மைக்ராஸ்கோப்பில் ஒன்றுபோலவே தெரியும். அதனால்தான் கட்டியை அசையாமல் பிடிப்பது அவ்வளவு முக்கியம், பெரிய கட்டியானால் இரண்டு மூன்று இடத்தில் எடுப்பதும் முக்கியம். பிறகு ஊசியைக் கழற்றி, சிரிஞ்சில் காற்றை இழுத்து, திரும்ப மாட்டி, ஊசிக்குள் இருப்பதைக் கண்ணாடி ஸ்லைடு மேல் ஊதித் தள்ளுவேன்.

இங்கே நீங்களும் குனிந்து பாருங்கள். கொழுப்பு என்றால் ஸ்லைடில் எண்ணெய்ச் சொட்டு மாதிரி மினுங்கும் துளிகள் விழும். எவ்வளவு விசிறினாலும் காயாது. சாதாரணச் செல்கள் ஒரு நிமிடத்தில் காய்ந்து வெளிறிப் போகும், கொழுப்பு மட்டும் அப்படியே ஈரமாகப் பளபளக்கும். வருகிறவர்களிடம் இதைக் காட்டாமல் அனுப்ப எனக்கு மனசே வராது. தன் நாயின் கட்டிக்குள் என்ன இருக்கிறதென்று கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவார்.

ஆனால் எண்ணெய்த் துளியோடு நான் நிறுத்துவதில்லை. ஸ்லைடைச் சாயத்தில் போட்டுப் பார்த்தே தீருவேன். சாயத்துக்கு முன் மெத்தனாலில் வைக்கும்போது கொழுப்பு கரைந்து ஓடிவிடும், கண்ணாடி கிட்டத்தட்ட வெறுமையாகத் தெரியும். அந்த வெறுமையில் வேறு செல் ஏதும் மிஞ்சி நிற்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரு வேண்டுகோள்: பரிசோதனைக்கு வரும் அன்று கட்டி மேல் எண்ணெய், மஞ்சள், தைலம் எதையும் தடவிக்கொண்டு வராதீர்கள். ஊசி வழியாக அந்த எண்ணெயும் ஸ்லைடுக்கு வந்துவிட்டால் எது எதுவென்று பிரிக்க முடியாது.

செம்மண்டலத்திலிருந்து மணி என்று ஒரு நாட்டு நாய் வந்தான். 7 வயது. இடுப்புப் பக்கம் 3 செ.மீ. கட்டி, மெத்தென்று, நழுவிக்கொண்டு. வீட்டுப் பெரியவர், ரொம்ப நாளாக இருக்கிறது, கொழுப்புதான் என்றார். கூட வந்த மருமகள்தான் மெதுவாகச் சொன்னார்: "சில நாள் பெருசா இருக்கும், சில நாள் சின்னதாயிடும் டாக்டர்." லிப்போமா அப்படி ஏறி இறங்காது. எடுத்த ஸ்லைடு உடனே காய்ந்துவிட்டது. லீஷ்மேன் சாயம் போட்டு வைத்துப் பார்த்தால் உருண்டைச் செல்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஊதா நிறத் துகள்கள், உடைந்த செல்களின் துகள்கள் சுற்றிலும் கேழ்வரகு சிந்தினதுபோல. மாஸ்ட் செல் கட்டி, அதாவது ஒருவகைப் புற்றுநோய். அந்தத் துகள்களில் வீக்கத்தை உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள் இருக்கிறது. கட்டியைப் பிசைந்தால் அது வெளியே வந்து கட்டி வீங்கும், சிவக்கும், பிறகு வற்றும். அளவு ஏறி இறங்கியதற்குக் காரணம் அதுதான். ரத்தத்தில் கலந்தால் வாந்தி வரும், வயிற்றில் புண் வரும், மலம் கறுப்பாகப் போகும். வீட்டில் பிதுக்காதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

ஆபரேஷனுக்கு முன்பே இது தெரிய வேண்டியதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. லிப்போமாவை உறையோடு ஒட்டி எடுத்தால் போதும். மாஸ்ட் செல் கட்டியை அப்படி ஒட்டி எடுத்தால் ஓரத்தில் செல்கள் தங்கிவிடும், திரும்ப முளைக்கும், இரண்டாவது தடவை எடுப்பது முதல் தடவையைவிடப் பல மடங்கு கஷ்டம். மணிக்குக் கட்டியைச் சுற்றி 2 செ.மீ. நல்ல தோலும், அடியில் ஒரு தசை உறையும் சேர்த்து எடுத்தோம். ஓரம் சுத்தமாக இருப்பதாகப் பரிசோதனை முடிவு வந்தது. அவன் இப்போதும் வாசலில் நின்று பால்காரரைப் பார்த்துக் குரைக்கிறான்.

எந்தக் கட்டியாக இருந்தாலும், என்னவென்று தெரியும் முன் ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ கொடுக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். மாஸ்ட் செல் கட்டியும் லிம்ஃபோமாவும் ஸ்டீராய்டுக்குத் தற்காலிகமாகச் சுருங்கும், நோயைக் கண்டுபிடிக்கவே முடியாமல் போகும்.

லிப்போமாதான் என்று உறுதியான பிறகு

பெரும்பாலான நாய்களுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். உண்மையாகவே ஒன்றும் வேண்டாம். மாதாமாதம் அளந்து நோட்டில் எழுதுங்கள். திடீரென்று வளர்ந்தாலோ, தொடுவதற்குக் கெட்டியானாலோ மறுபடி ஊசிப் பரிசோதனைக்குக் கொண்டு வாருங்கள். 13, 14 வயதான, இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் உள்ள நாய்க்கு விலாப்பக்கம் பெரிய கட்டி தொங்கினாலும், அது நடக்கிறது, படுக்கிறது, சாப்பிடுகிறது என்றால் நான் கத்தி வைக்க மாட்டேன். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எந்த நாய்க்கும் மயக்க மருந்து கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

எடுக்க வேண்டிய கட்டி எது? நடையைக் கெடுப்பது, தரையில் உரசிப் புண்ணாவது, வேகமாக வளர்வது. தேவனாம்பட்டினத்தில் ஜூலி என்ற லாப்ரடாருக்கு இடது அக்குளில் கட்டி. ஆரம்பத்தில் சின்னதுதான். அது பெரிதாகப் பெரிதாக அவள் முன்னங்காலை வெளிப்பக்கம் வீசி வீசி நடக்க ஆரம்பித்தாள், படிக்கட்டு ஏறுவதை நிறுத்திவிட்டாள். அக்குள் கட்டியை இந்த நிலை வரைக்கும் விடாமல் சின்னதாக இருக்கும்போதே எடுப்பதுதான் நல்லது என்பது என் கருத்து. அங்கே ரத்தக்குழாயும் நரம்பும் நெருக்கமாக ஓடுவதால் கட்டி வளர வளர வேலை கடினமாகிறது. தொடைக்குள் இரண்டு தசைகளுக்கு நடுவில் வளரும் லிப்போமாவும் இதே மாதிரிதான். வெளியே கெட்டியாகத் தெரியும், நாய் நொண்டும், ஆனால் எடுத்துவிட்டால் திரும்ப வருவது அபூர்வம்.

அபூர்வமான இரண்டு வகைகளையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, தசைக்குள் ஊடுருவி வளரும் லிப்போமா. செல்லைப் பார்த்தால் சாதாரணக் கொழுப்புதான். ஆனால் உறை கிடையாது, தசை நார்களுக்குள் புகுந்துகொண்டே போகும், எடுத்தாலும் திரும்ப வரும். கட்டி அடியோடு ஒட்டி அசையாமல் இருந்தால் இதைச் சந்தேகித்து சி.டி. ஸ்கேனுக்குச் சென்னைக்கு அனுப்புவேன். இன்னொன்று லைப்போசார்கோமா, நிஜமான புற்றுநோய். லிப்போமா முற்றி அப்படி மாறும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது ஆரம்பத்திலிருந்தே வேறு கட்டி.

ஆபரேஷன் என்று முடிவானால்

நம் கடற்கரை ஊர்களில் ரத்தப் பரிசோதனை செய்யாமல் எந்த நாயையும் மேசையில் ஏற்றக் கூடாது. குறிப்பாக, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களின் எண்ணிக்கை. கடலூர், புதுச்சேரிப் பக்கம் வருஷம் முழுக்கப் புழுக்கம், வருஷம் முழுக்க உண்ணி. வெளியில் நன்றாகத் திரியும் நாய்க்கு உள்ளே உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி இருந்து தட்டணுக்களைக் குறைத்துக்கொண்டிருக்கும். ஆரோக்கியமான நாய்க்குத் தட்டணு இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தால் முதலில் உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் கொடுத்து, எண்ணிக்கை ஏறின பிறகுதான் கட்டியைத் தொடுவேன். லிப்போமா காத்திருக்கும். ரத்தம் நிற்காமல் போனால் நாயால் காத்திருக்க முடியாது. கூடவே சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், கல்லீரல் அளவுகளும் பார்க்க வேண்டும். வயதான நாய்க்கு மார்பு எக்ஸ்ரேயும் எடுத்துவிடுவது நல்லது.

அவசரமில்லாத கட்டி என்றால் ஜனவரி, பிப்ரவரி மாதங்களைத்தான் நான் சொல்வேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தையல் காயாது, வீட்டைச் சுற்றித் தண்ணீர் நிற்கும், நாயை வெளியே விடவும் முடியாது. கத்திரி வெயிலில் மயக்கம் தெளியும் நாய்க்கு உடம்புச் சூடு ஏறும். முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டோடு நிறுத்திவிடுங்கள், தண்ணீர் மட்டும் காலை வரை கொடுக்கலாம். பாவமாக இருக்கிறதே என்று காலையில் இரண்டு பிஸ்கட் போட்டுக் கூட்டி வந்தால் மயக்கத்தில் வாந்தி எடுத்து நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. அப்படிக் கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், தேதியை மாற்றிக்கொள்ளலாம்.

ஜூலிக்குத் தோலைக் கீறி உறை வரைக்கும் போனதும், விரலால் சுற்றிப் பிரித்தே கட்டி முழுசாக வெளியே வந்தது. அடிப்பக்க ரத்தக்குழாயைக் கட்டி அறுத்ததோடு சரி. லிப்போமா ஆபரேஷனில் எடுக்கிற வேலையைவிட எடுத்த பிறகு இருக்கிற பள்ளத்தை மூடுகிற வேலைதான் பெரிது. அந்தப் பள்ளத்தில் நீர் கோத்துக்கொள்ளும். மூன்றாம் நாள், நாலாம் நாள் வீட்டில் தொட்டுப் பார்த்துவிட்டு, "கட்டி திரும்ப வந்துடுச்சு" என்று போன் செய்வார்கள். பெரும்பாலும் அது வெறும் நீர்தான். மெல்ல வற்றும். நீங்களே ஊசி போட்டு இழுக்கப் பார்க்காதீர்கள், கிருமி உள்ளே போய்ச் சீழ் வைக்கும். சூடாக, சிவப்பாக, நாற்றத்தோடு இருந்தால் மட்டும் உடனே வாருங்கள்.

எடுத்த கட்டியைக் குப்பையில் போட விடாதீர்கள். கட்டியின் அளவைப் போல் பத்து மடங்கு 10% ஃபார்மலினில் போட்டுத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்கு குரும்பாபேட் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது.

தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை நாய் நக்கக் கூடாது. கூம்புக் காலர் போட்டால் சில நாய்கள் சாப்பிடாமல் சோர்ந்துவிடும். மார்பு, விலாப் பக்கத் தையலுக்குச் சின்னப் பிள்ளைகளின் பருத்தி பனியனை முன்னங்கால் இரண்டையும் விட்டு மாட்டினாலே போதும், தினமும் துவைத்து மாற்றுங்கள். நம் ஊரில் தையலுக்கு முதல் எதிரி ஈ. ஒரு மத்தியானம் அசந்தால் முட்டை வைத்துவிடும், அடுத்த நாள் புழு நெளியும். டாக்டர் எழுதிக் கொடுக்கும் ஈ விரட்டும் ஸ்ப்ரேயைத் தையலைச் சுற்றி அடியுங்கள். புழு வந்துவிட்டால் அந்துருண்டையைப் பொடித்துப் போடும் பழக்கம் இங்கே உண்டு, அது நாய்க்கு விஷம். வலிக்கு நம் வீட்டு மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். ஐபுப்ரோஃபென், டிக்ளோஃபெனாக் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

தடவுவது, கரைப்பது

எருக்கம்பால் தடவினால் கட்டி பழுத்து உடையும் என்று சொல்லி வருகிறார்கள். கொழுப்புக் கட்டிக்குள் சீழ் கிடையாது, பழுப்பதற்கு எதுவுமில்லை. எருக்கம்பால் தோலைப் பொசுக்கும், நாய் நக்கினால் வாயும் பொசுங்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அப்படிப் பொசுங்கின தோலோடு வரும் நாய்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. அந்தப் புண் ஆறும் வரை ஊசிப் பரிசோதனையும் தள்ளிப்போகும். குடித்தால் லிப்போமா கரையும் என்று விற்கப்படும் சொட்டு மருந்துகளுக்கும் நல்ல ஆதாரம் இல்லை. உறுதியான லிப்போமாவுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் ஓரளவு சுருங்கும். ஆனால் நாய் தண்ணீராகக் குடித்துச் சிறுநீராகப் போகும், கொஞ்ச நாளில் கட்டி மறுபடி வளரவும் செய்யும். உறிஞ்சி எடுக்கும் முறையிலும் உறை உள்ளேயே தங்குவதால் அதே கதைதான்.

எடையைக் குறைத்தால் கட்டி கரையுமா என்று கேட்பார்கள். அநேகமாகக் கரையாது. சில நாய் இளைத்ததும் கட்டி முன்னைவிட எடுப்பாகத் தெரியும், பயப்பட வேண்டாம். ஆனாலும் குறைக்கச் சொல்கிறேன். எடை குறைந்த நாய்க்கு மயக்க மருந்தின் ஆபத்து குறைவு, மூட்டு வலி குறைவு, கட்டியின் எல்லையும் விரலுக்குத் தெளிவாகத் தெரியும். விலாப்பக்கம் லேசாகத் தடவினாலே எலும்புகளை எண்ண முடிய வேண்டும், அழுத்தித் தேட வேண்டியிருந்தால் எடை கூடுதல். வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் குறைந்தால் போதும். தயிர்சாதத்தில் பாதியைக் குறைத்து, அந்த இடத்தில் வேகவைத்த பூசணியோ பீன்ஸோ போடுங்கள். துறைமுகத்திலிருந்து வரும் மத்தி மீனை அவித்து முள் எடுத்துக் கொடுக்கலாம். வெங்காயம் போட்ட குழம்பு வேண்டாம். டீக்கடையில் ஆளாளுக்குப் போடும் பன்னையும் பிஸ்கட்டையும் நிறுத்தாமல் வீட்டுச் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் எடை இறங்கவே இறங்காது. கடைக்காரரிடமே சொல்லி வையுங்கள். காலை ஆறு மணிக்குள் சில்வர் பீச்சுக்குக் கூட்டிப் போகிறவர்கள், கனமான நாயை இளமணலில் ஓட விடாமல் அலை தொட்டுப் போன ஈர மணலில் நடத்துங்கள். மூட்டுக்கு அதுதான் நல்லது.